கொடுத்த பிள்ளை

தக்காளிக் கொட்டகைக்குள் மார்ச் மாதத்திலும் வியர்க்கும். வெளியே ஆலங்கட்டியும் சேறுமாகக் கிடக்கும். உள்ளே நிலக்கரி அடுப்பிலிருந்து ஓடுகிற குழாய்ச் சூட்டில் ஆட்கள் சட்டை நனைந்துபோய் நிற்பார்கள். கசாக்கு நாட்டு எல்லையை ஒட்டிய சரியகாஷ் பக்கத்தில் எங்கள் ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போடுவது இந்தக் கொட்டகைகள்தான். உள்ளே காற்றும் கிடையாது, தேனீயும் கிடையாது. காய் பிடிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு பூங்கொத்தையும் ஆள் போய்க் குச்சியால் தட்டிவிட வேண்டும். தாளைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்றைக்கு ராபிகா அந்த வேலையில்தான் இருந்தாள். கை இரண்டும் தக்காளி இலைச் சாறு ஏறிக் கரும்பச்சையாக இருந்தன.

தாள் என்றால் குடியேற்ற அலுவலகத்தின் பதில். நான் ஊருக்கும் நகரத்துக்கும் கார் ஓட்டுகிறவன். வேறு வேலையாக அங்கே போய் நின்றவனிடம், "உங்க ஊர்தானே, கொடுத்துடுங்க" என்று நீட்டிவிட்டார்கள். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, அதுதான். வழியில் நிறுத்திப் படித்துப் பார்த்தேன். விண்ணப்பம் செய்தவர் பெற்றோரைப் பற்றித் தவறான தகவல் தந்திருக்கிறார், ஆகவே கந்தாஸ் தகுதி மறுக்கப்படுகிறது என்று இருந்தது.

கந்தாஸ் என்றால் ஒரே ரத்தம். எல்லைக்கு அந்தப் பக்கம் தங்கிப்போன கசாக்குகள் திரும்பி வந்தால் அரசாங்கம் அந்தப் பெயரைக் கொடுக்கும். அது கிடைத்தால் இங்கேயே இருக்கலாம், குடியுரிமை கேட்கலாம். கிடைக்காவிட்டால் தங்கும் அனுமதி முடிகிற அன்று மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ராபிகாவுக்கு இதே மார்ச்சில் வருகிற நவ்ரூஸ் பண்டிகையோடு அனுமதி முடிகிறது. மீறி இருந்து பிடிபட்டால் அப்புறம் சில வருஷம் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது.

ராபிகா தாளை வாங்கிப் படித்தாள். திரும்பவும் முதலிலிருந்து படித்தாள்.

"நான் என்ன பொய் சொன்னேன் அண்ணே? அப்பா பேரு தோக்சன்பாய், அம்மா பேரு கல்ஜான். அந்தப் பக்கம் எங்க தம்டியில யாரைக் கேட்டாலும் சொல்வாங்களே."

"அந்தப் பக்கத்துப் பிறப்புப் பதிவுல வேற மாதிரி இருக்காம்மா."

"என்ன மாதிரி?"

என் வாயால் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. அவளுக்கும் தெரியாத விஷயமில்லை அது. பதிவில் தகப்பன் பெயர் ஒராஸ், தாயார் பெயர் உம்சின். ஒராஸ் தோக்சன்பாயின் மகன். உம்சின் மருமகள்.

எங்கள் ஜனங்களுக்கு இதில் ஒரு குழப்பமும் கிடையாது. மூத்த பிள்ளை பிறந்தால் மாமனார் மாமியாருக்குக் கொடுப்பது உண்டு. மாமியார் அந்தச் சிசுவைத் தன் சட்டைக் கழுத்து வழியாக உள்ளே விட்டுக் கீழ்ப்பக்கமாக எடுப்பாள். அத்தோடு அது அவள் பெற்ற பிள்ளை. தாத்தாவை அப்பா என்று கூப்பிடும்; பெற்ற தகப்பனை அண்ணன் என்றும் பெற்றவளை அண்ணி என்றும் கூப்பிடும். அதில் நடிப்பு ஒன்றும் இல்லை. அப்படியே வளர்ந்து அப்படியே சாவார்கள். ராபிகாவும் அப்படித்தான் வளர்ந்தாள். ஒராஸும் உம்சினும் கைப்பிள்ளை மகனோடு எல்லை தாண்டி இங்கே வந்தபோது அவள் வரவில்லை. வயதான அப்பா அம்மாவை விட்டு எப்படி வருவது? கல்யாணமும் பண்ணிக்கொள்ளாமல், ஆட்டையும் அவர்களையும் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தாள். இரண்டு பேரையும் மண்ணில் வைத்துவிட்டுத்தான் கிளம்பினாள். அதற்குள் இங்கே ஒராஸும் போய்ச் சேர்ந்துவிட்டான்; அவன் மகன் காஸ்பியன் கரையில் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் இருந்தது உம்சின் ஒருத்திதான்.

சாயங்காலம் அந்த வீட்டில் தேநீருக்கு உட்கார்ந்தோம். உம்சின் பூர்சாக் பொரித்துத் துணிமேல் கொட்டியிருந்தாள். எத்தனை துக்கம் வந்தாலும் அவள் வீட்டில் மாவு பிசைவது நிற்காது. ஒராஸ் எனக்கு மூத்தவன், சிநேகிதன். ஆகவே அவள் எனக்கு அண்ணி. கொழுந்தன் பெயரை மருமகள் சொல்லக் கூடாது என்பதால் எனக்கு 'வண்டிக்காரர்' என்று பெயர் வைத்திருந்தாள். அதே கணக்கில், புருஷனுக்குத் தங்கை முறையாகிவிட்ட ராபிகாவையும் அவள் பெயர் சொன்னதில்லை. எர்கெ என்பாள். செல்லம் என்று அர்த்தம்.

"வண்டிக்காரரே, இந்தத் தாளை எழுதினவன் கசாக்குதானா?"

"கசாக்குதான் அண்ணி. கையெழுத்து இருக்கு பாருங்க."

"அப்ப அவனுக்குத் தாத்தா கிடையாதா?"

"அவனுக்கு இருப்பாரு. அவன் கம்ப்யூட்டருக்குத்தான் கிடையாது."

ராபிகா சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அது ஒன்றுதான்.

மறுநாள் நான்தான் வக்கீலைக் கூட்டி வந்தேன். ஷினார் என்று பெயர். நல்ல பெண், கெட்டிக்காரி. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். வெள்ளைச் செருப்பைப் போட்டுக்கொண்டு எங்கள் ஊர்ச் சேற்றில் இறங்கி, வீடு வந்து சேர்கிறவரைக்கும் என்னையே திட்டிக்கொண்டு வந்தாள், சேற்றைக் குழைத்து வைத்தவன் நான் என்கிற மாதிரி.

"அக்கா, நேரா விஷயத்துக்கு வரேன்" என்று உம்சினிடம் சொன்னாள். "ஆபீஸ்காரன் என்ன சொல்றான்னா, இந்தப் பதிவுல இருக்கிற பிள்ளையே இவங்கதானான்னு சந்தேகமா இருக்குங்கறான். இவங்க வேற அப்பா அம்மா பேரை எழுதியிருக்காங்க இல்லையா? யாரோ பதிவை வேற யாரோ கொண்டு வந்திருக்கலாம்ல? அதான் அவன் கேள்வி. நாம கோர்ட்டுக்குப் போறோம். பதிவுல தாயார்னு இருக்கறது நீங்க. நீங்க வந்து 'இவ நான் பெத்த பொண்ணு'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். கேஸ் முடிஞ்சுது."

உம்சின் கிண்ணத்தில் தேநீர் ஊற்றி அவள் முன்னால் வைத்தாள்.

"அதைச் சொல்ல முடியாதே தாயீ."

"ஏன் முடியாது? நீங்கதானே பெத்தீங்க?"

"கொடுத்துட்டேன்."

"கொடுத்தா என்ன? பெத்தது பெத்ததுதானே?"

"பிள்ளையை எடுத்துக்கும்போது மாமனார் கேட்டார். 'திரும்பக் கேக்க மாட்டியே மருமகளே?'ன்னார். மாட்டேன்னு தலையாட்டினேன். உசுரோட இருந்தா போய் நின்னு, இப்படி ஆகிப்போச்சு, என்ன பண்ணட்டும்னு கேட்டுட்டு வருவேன். மண்ணுக்குள்ள இருக்கறவர்கிட்ட எப்படிக் கேக்கறது? அதுவும் எல்லைக்கு அந்தப் பக்கம்."

"ரத்தம் எடுத்துப் பாக்கலாமே" என்றேன் நான், சும்மா இருக்க முடியாமல்.

"பாக்கலாம். முடிவு வர்றதுக்குள்ள நவ்ரூஸ் வந்து, கஞ்சி குடிச்சு, ஏப்பமும் விட்டு முடிச்சிருப்பீங்க" என்றாள் ஷினார். பிறகு உம்சினிடம் திரும்பினாள். "சரி, மாமனார் பேரையாவது கோர்ட்டுல சொல்வீங்களா? கேப்பாங்க."

உம்சின் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"அதுவும் மாட்டீங்களா? நெருப்புன்னு சொன்னா வாய் சுட்டுடுமா அக்கா?"

"நெருப்புன்னு சொன்னாச் சுடாது. மாமனார் பேரைச் சொன்னாச் சுடும். நீ கல்யாணம் பண்ணிக்கிட்டு வா, அப்புறம் பேசு."

அதுவரை சுவரோரம் உட்கார்ந்து தாம்புக் கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்த ராபிகா, "அண்ணியைத் தொந்தரவு பண்ண வேண்டாம். நானும் கோர்ட்டுல நின்னு எங்க அப்பா எனக்கு அப்பா இல்லைன்னு சொல்லப் போறதில்லை. பேசாம நான் கிளம்பிடறேன்" என்றாள்.

உம்சினுக்குக் கோபம் வந்தது. அவளுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும்.

"எங்க கிளம்புவே? வீட்டை வித்தாச்சு. ஆட்டைக் கொடுத்தாச்சு. கிணத்துல மணல் ஏறிப்போச்சுன்னு நீதானே சொன்னே? அந்தப் பாலைவனத்துல போய் யாருக்கு அடுப்பு மூட்டுவே?"

"யாருக்காவது."

"வாயை மூடு எர்கெ. பூர்சாக்கைத் தின்னு."

இரண்டு பேரும் ஒரே அச்சு. பிடிவாதத்தில் தாடை முன்னால் வருவது இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வரும். அதை மட்டும் நீதிபதி பார்த்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். தாடையைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள சட்டத்தில் வழி இல்லையாம். ஷினாரிடம் வண்டியில் கேட்டேன், என்னைத் திட்டினாள்.

வழக்கு நாள் அன்றைக்கு மழையும் பனியும் கலந்து கொட்டியது. உம்சின் வெள்ளைத் தலைத்துணி கட்டி, கருப்பு வெல்வெட் மேலங்கி போட்டு, துக்க வீட்டுக்குப் போகிறவள் மாதிரி வந்து வண்டியில் ஏறினாள். ராபிகா விடிய விடியச் சோப்புப் போட்டுத் தேய்த்தும் விரல் இடுக்கில் பச்சை போகவில்லை. வழி முழுக்க யாரும் பேசவில்லை. எனக்கோ பேசாமல் வண்டி ஓட்டினால் தூக்கம் வரும். ரேடியோவைப் போட்டேன், உம்சின் அணைக்கச் சொன்னாள்.

கோர்ட் வராந்தாவில் அலுவலகத்துப் பையன் நின்றிருந்தான். தாளில் கையெழுத்துப் போட்டவனே அவன்தான். முகத்தில் மீசை இப்போதுதான் யோசித்துக்கொண்டு வருகிறது. பக்கத்தில் போய் நின்று, "தம்பி, உனக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாதா?" என்றேன்.

"தெரியாம என்ன அண்ணே? நானே தாத்தாவுக்குக் கொடுத்த பிள்ளைதான். இன்னைக்கும் எங்க அப்பாவை அண்ணன்னுதான் கூப்பிடறேன்."

"அடப்பாவி. அப்புறம் ஏன்டா இப்படி?"

"நான் விண்ணப்பம் போட்டப்போ பெத்தவர் பேரைத்தான் எழுதினேன். வேலை வேணும்ல?" என்றான். அவன் முகத்தைப் பார்த்தால் அதைச் சொன்னதில் அவனுக்கே சந்தோஷம் இல்லை என்று தெரிந்தது.

நீதிபதி நரைத்த மனிதர். ஜலதோஷம் பிடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். முதலில் ராபிகாவை நிற்கச் சொன்னார்.

"அப்பா பேரு என்னம்மா?"

உள்ளே வருமுன் வராந்தாவிலேயே ஷினார் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தாள். பதிவுல இருக்கற பேரை மட்டும் சொல்லுங்க, வேற எதையும் பேசாதீங்க என்று. ராபிகா நிமிர்ந்து நின்றாள்.

"தோக்சன்பாய்."

ஷினார் கண்ணை மூடிக்கொண்டாள். அலுவலகத்துப் பையன் எழுந்து, "ஐயா, பாருங்க, இன்னைக்கும் அதையேதான் சொல்றாங்க" என்றான்.

"நீங்க சத்தியம் பண்ணியிருக்கீங்கம்மா" என்றார் நீதிபதி.

"அதனாலதான் ஐயா சொல்றேன்."

நீதிபதி மூக்கைத் துடைத்துக்கொண்டு உம்சினைக் கூப்பிட்டார். அவள் போய் நின்று மரத்தடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இவங்களை வளர்த்தது யாரு?"

"என் மாமனார், மாமியார்."

"மாமனார் பேரு?"

உம்சின் தரையைப் பார்த்தாள்.

"பேரு சொல்லுங்கம்மா."

"தாள்ல இருக்கும் ஐயா."

"தாள்ல இருக்கு. நீங்க சொல்லணும்."

"அந்த வீட்டு வாசப்படி ஏறின நாள்லேருந்து சொன்னதில்ல. இன்னைக்குச் சொன்னா அவருக்குக் கேக்கும்."

எழுதிக்கொண்டிருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீதிபதி சிரிக்கவில்லை. "சாட்சி வழக்கப்படி மாமனார் பெயரைச் சொல்லவில்லைன்னு எழுதிக்கம்மா. பேரைத் தாள்ல பாத்துப் போட்டுக்க. எங்க அம்மாவும் சாகிற வரைக்கும் சொன்னதில்ல" என்றார். பிறகு உம்சினைப் பார்த்தார்.

"சரி. இங்கே நிக்கற இந்த ராபிகா, நீங்க பெத்த பொண்ணா?"

இதற்குத்தான் அத்தனை பேரும் பயந்துகொண்டிருந்தோம். உம்சின் திரும்பி ராபிகாவைப் பார்த்தாள். ராபிகா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல மாட்டேன் என்றால் ராபிகா பாலைவனத்துக்குப் போக வேண்டும். ஆமாம் என்றால் செத்தவருக்குக் கொடுத்த சொல் போய்விடும். சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருந்தால் நான் பத்துப் பொய் சொல்லியிருப்பேன்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"இங்க பொய் சொல்லக் கூடாது. பெரியவங்களுக்குக் கொடுத்த வாக்கையும் மீறக் கூடாது. அப்ப நான் என்ன பண்ணணும்?"

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

"நடந்தது என்னவோ அதைச் சொல்லுங்க. அதுக்கு என்ன பேருங்கறதை நாங்க பாத்துக்கறோம்."

உம்சின் சொல்ல ஆரம்பித்தாள். உரக்கச் சொல்லவில்லை, எழுதுகிற பெண் இரண்டு தடவை "என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"ஆடுங்க குட்டி போடற சமயம். மூணு நாளா மணல் காத்து. எங்க வீட்டுக்காரர் மந்தையோட கிணத்துப் பக்கம் போயிட்டார், வழி தெரியாம அங்கேயே நின்னுட்டார். வீட்டுல நானும் மாமியாரும்தான். மாமனார் குட்டி போடற ஆட்டைப் பாக்கறதா என்னைப் பாக்கறதான்னு தெரியாம வாசல்ல நடந்துக்கிட்டே இருந்தார். நடுவீட்டுக் கம்பத்துல கயிறு கட்டி, அதைப் பிடிச்சுக்கிட்டு நான் முட்டி போட்டிருந்தேன். மாமியார் பின்னால இருந்து இடுப்பைப் பிடிச்சுக்கிட்டாங்க. எனக்கு வயசு பத்தொம்பது. எங்க அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினேன், அது ஞாபகம் இருக்கு. விடியறப்போ பொறந்துச்சு. மாமியார் துடைச்சாங்க, சட்டைக் கழுத்து வழியா விட்டுக் கீழ எடுத்தாங்க. மாமனார் வந்து காதுல பேரு சொன்னார். ராபிகான்னு."

அவள் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"அந்தப் பொண்ணுதான் இந்தப் பொண்ணா?"

"இவதான். வேற எவ?"

"ஆக, பெத்தது நீங்க."

"வலி என்னுது ஐயா. பிள்ளை அவங்களுது."

அலுவலகத்துப் பையன் எழுந்தான். "ஐயா, இதை எப்படிப் பதில்னு..." என்று தொடங்கினான்.

"தம்பி, இந்தம்மா சொன்னது உனக்குப் புரிஞ்சுதா இல்லையா?"

அவன் கையிலிருந்த தாளைப் புரட்டினான்.

"புரிஞ்சுது ஐயா."

"அப்புறம் என்ன?"

"படிவத்துல இதுக்கு இடமில்ல ஐயா."

"அது படிவத்தோட குறை. உக்காரு."

மத்தியானம் வரை வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். எதிர்க்கடையில் சூடாகச் சம்சா வாங்கிக்கொண்டு வந்தேன். ஷினார் இரண்டு தின்றாள். அவர்கள் இரண்டு பேரும் கையில் வைத்துக்கொண்டே ஆறவிட்டார்கள். திரும்பக் கூப்பிட்டபோது நீதிபதி தும்மிக்கொண்டே படித்தார். பதிவில் உள்ள பிள்ளை இவள்தான் என்று சாட்சியால் தெரிகிறது. விண்ணப்பத்தில் எழுதியது வழக்கப்படி எழுதியது, ஏமாற்ற எழுதியதில்லை. ஆகவே அது தவறான தகவல் ஆகாது. மறுப்பு ரத்து. அலுவலகம் நவ்ரூஸுக்கு முன்னால் தகுதியைக் கொடுத்துவிட வேண்டும்.

"அப்ப நான் எழுதினது பொய் இல்லைன்னு சொல்லிட்டாங்களா?" என்று ராபிகா ஷினாரிடம் கேட்டாள்.

"இல்லைன்னுட்டாங்க."

"அது போதும்" என்றாள். இருந்துகொள்ளலாம் என்றதைவிட அதுதான் அவளுக்குப் பெரிதாகப் பட்டது என்று நினைக்கிறேன்.

படியில் அந்தப் பையன் பின்னாலேயே வந்தான். மேல்முறையீடு கீல்முறையீடு என்று ஏதாவது சொல்லப்போகிறான் என்று நான் முறைத்தேன். அவன் உம்சினுக்கு முன்னால் வந்து, "அக்கா, திங்கக்கிழமை வாங்க. நானே இருப்பேன். வரிசையில நிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, மழையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு போனான்.

ஷினாரை நகரத்தில் விட்டுவிட்டுத் திரும்பும்போது உம்சினும் ராபிகாவும் பின்சீட்டில் உட்கார்ந்தார்கள். மழை விட்டிருந்தது. வயல்களில் உழவு ஆரம்பித்திருந்தார்கள். டிராக்டர் பின்னால் காக்கைகள் நடந்தன. சந்தோஷச் செய்திக்கு ஒரு ஆடு அறுக்க வேண்டாமா, அண்ணி என்ன கஞ்சத்தனம் பண்ணப் போகிறாள் என்று நான் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். "அறுக்கலாம் வண்டிக்காரரே, அறுக்கலாம், முதல்ல ரோட்டைப் பாருங்க" என்றாள். மலைப்பாதை இறங்கி, எங்கள் பக்கத்துக் கொட்டகைகளின் பிளாஸ்டிக் கூரைகள் தெரிகிற இடம் வந்தபோது ராபிகா வாயைத் திறந்தாள்.

"அண்ணி."

"ம்."

"ரொம்ப வலிச்சுதா?"

உம்சின் தலைத்துணியின் நுனியை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

"அதெல்லாம் விடியறதோட போயிடுச்சு எர்கெ. பால்தான் நிக்கல. நான் கொடுத்தா நீ என்னையே தேடுவேன்னு உனக்கு ஆட்டுப்பால் பழக்கினாங்க. நீ உள்ள அழுவே. அழறது கேட்டா எனக்கு இங்க நனைஞ்சிடும். வீட்டுக்குப் பின்னால போய் உக்காந்து பீச்சி மணல்ல விடுவேன். விட்ட இடம் தெரியாது, மணல் உடனே குடிச்சிரும்."

கண்ணாடியில் பார்த்தேன். முப்பத்தாறு வயதுப் பெண், சீட்டில் காலை மடக்கிக்கொண்டு உம்சினின் மடியில் தலையை வைத்துப் படுத்துவிட்டாள். உம்சினுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் அதை அப்படியே மேலே பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு ராபிகாவின் தலைமேல் வைத்தாள். நான் கண்ணாடியை வேறு பக்கம் திருப்பிவிட்டு, ரோட்டைப் பார்த்து மெதுவாக ஓட்டினேன்.